வாசப்படிப் பிரபு

எங்க செஞ்சி மாதா கோயிலக் கட்டுனது அந்தக் காலத்துல கப்பலேறி வந்த போலந்துப் பிரபு ஒருத்தரு. வாசப்படிக்கு அடியிலதான் அவரப் பொதைச்சிருக்குது. "எம் பாவம் தொலைய, எல்லாரும் என்ன மிதிச்சுட்டுப் போங்க"ன்னு படிக்கல்லுல வெட்டியிருக்குது. செத்தவர நாங்க மிதிப்பமா? தலமொற தலமொறயா தாண்டித்தான் போறோம்.

போன ஞாயித்துக்கிழம மனசு கேக்காம, செருப்பக் கழட்டிட்டு மிதிச்சேன்.

"இன்னாக்கா, உனக்குக் கண்ணு தெரியலயா?"ன்னு கூட வந்த ஞானசுந்தரி கத்துனா.

"மனுசன் எத்தினி காலமாக் கேக்குறாரு, பாவம்டி"ன்னேன்.

கல்லு வெதுவெதுன்னு இருந்துச்சு. பூச முடிஞ்சு வந்து பாத்தா, அதுல ஒரு எழுத்துகூட இல்ல.

அன்னையிலேருந்து கட்டில்ல படுத்தா எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது. எங்க வீட்டு வாசப்படியில குறுக்கப் படுத்தாத்தான் தூக்கம் வருது. மருமக ஜெயசுதாகிட்ட, "மிதிச்சுட்டுப் போம்மா"ன்னு கெஞ்சுறேன்.

அவ பொடவயத் தூக்கிப் புடிச்சிக்கினு, என்னத் தாண்டித்தான் போறா.