கடைசி இடத்து வண்டி

“இடது பக்கம் ஏர்பேக் இல்லீங்கண்ணே. ஓட்டறவருக்கு மட்டுந்தான்” என்றான் ஆரோக்கியராஜ்.

“பரவால்ல. இதையே பாக்கலாம்” என்றான் மாதவராஜ்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவி பானுமதி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம் உட்காரப்போகிறவள் அவள்தான்.

தருமபுரி பைபாஸ் ஓரம் பழைய கார் விற்கிற ஆரோக்கியராஜ், மூன்று வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்தான்.

“உசுரு முக்கியம்னா வெள்ளைதாண்ணே மொதல்ல. முன்னாடி ரெண்டு பேருக்கும் ஏர்பேக் இருக்கு, பாடியும் கெட்டி. பெட்ரோல் செலவு பாத்தீங்கன்னா சாம்பல் மொதல்ல வந்துரும். எப்படிப் போட்டாலும் இந்தச் சிவப்பு கடைசிதான். கியர் போடற வேலை இல்ல, சந்துல திருப்பிக்கலாம், அவ்ளோதான். உங்க ஒசரத்துக்கு இது தீப்பெட்டிண்ணே.”

“டிரைவர் சீட்டை மேல தூக்கலாமா?”

“தூக்கலாம். ஆனா...”

“அப்ப எனக்கு இதான் மொதல்ல.”

“வெள்ளையே எடுக்கலாங்க” என்றாள் பானுமதி. 

“நீ சும்மா இரு. எது வேணும்னு எனக்குத் தெரியும்.”

பொம்மிடியில் அவர்களுக்கு உரக்கடை. சில மாதங்களாக மாதவராஜ் வெள்ளிக்கிழமையானால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சேலத்துக்கு ரயில் ஏறினான். கேட்டால் சரக்கு எடுக்க என்பான். திரும்பும்போது கையில் ஒரு மூட்டைகூட இருக்காது. அதுவரை போன் அணைந்தே கிடக்கும். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவான்.

விற்றுவிட்ட பழைய வண்டியிலும் இடது பக்கம் முழுக்கக் கீறல்தான். ஒரு முறை பாலத்துச் சுவர். ஒரு முறை கரும்பு டிராக்டர். எல்லாம் அவள் உட்கார்ந்த பக்கம். “கவனிக்கல” என்றான் அவன், இரண்டு முறையும்.

போன வாரம் டி.வி.யில் ஒரு செய்தி ஓடியது. நின்றிருந்த லாரியில் காரின் இடது பக்கத்தை மட்டும் கொண்டுபோய்ச் செருகியிருந்தான் ஒருவன். மனைவி அங்கேயே போய்விட்டாள், அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. இன்னொருத்தி இருந்தது பிறகுதான் தெரிந்ததாம். அன்றிலிருந்து பானுமதி சரியாகத் தூங்கவில்லை.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வர்றோம். நீ வர வேணாம் ஆரோக்கியம், நாங்க ரெண்டு பேர் மட்டும்.”

“என்னண்ணே, இந்த வயசுல ஹனிமூனா?” ஆரோக்கியராஜ் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான்.

வண்டி வத்தல்மலைப் பக்கம் திரும்பியது.

“எங்கங்க போறோம்?”

“மேடு ஏறுதான்னு பாக்கணும்.”

இடப்பக்கச் சந்திலிருந்து பால் கேனோடு ஒரு மொபெட் வந்தது. மாதவராஜ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. மொபெட்காரன் காலை ஊன்றிச் சரித்து நிறுத்திவிட்டுக் கத்தினான். “யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

அவள் சொல்லிவிட்டு வரவில்லை. போனைப் புடவை மடிப்பில் மறைத்து, கம்பைநல்லூர் அண்ணனுக்குத் தட்டினாள்: ‘எனக்கு ஏதாவது ஆனா இவரைச் சும்மா விடாத.’ அனுப்பினாள். போகவில்லை. டவர் கீழேயே நின்றுவிட்டது.

ஸ்டீரிங் தன் கையில் இருந்தால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. லைசென்ஸ்கூட இருக்கிறது, அப்பாவின் ஜீப்பை ஓட்டிப் பழகியவள். கல்யாணமான பிறகு ஸ்டீரிங்கைத் தொட விட்டதில்லை அவன். ‘வூட்ல ஆம்பள இருக்கறப்ப உனக்கு எதுக்கு?’

வளைவுகள் தொடங்கின. இடப்பக்கச் சக்கரம் தாரை விட்டிறங்கிச் சரளையில் நறநறத்தது. ஓரத்துக் கல் ஒன்று அவள் பக்கக் கண்ணாடியை இடித்து மடக்கியது. மாதவராஜ் தலையைக்கூடத் திருப்பவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை ஓடியது.

“ஏங்க, ஓரத்துல போவுதுங்க! ஏங்க!”

பிரேக் அலறியது. வண்டி நின்றது.

பானுமதி வெளியே பார்த்தாள். அந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு மண், அதற்குக் கீழே மர உச்சிகள்.

மாதவராஜ் இறங்கினான். பானெட்டின் மேல் கையை வைத்தபடி மெதுவாகச் சுற்றி வந்தான். அவள் கதவைத் திறந்தான்.

“எறங்கு.”

“மாட்டேன்.”

“எறங்குன்னா எறங்கு பானு.”

சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நான் போயிடறேங்க. எங்கண்ணன் வூட்டுக்கே போயிடறேன். அந்தச் சேலத்துக்காரியைக் கூட்டியாந்து வெச்சுக்கங்க. யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். என்னைய விட்ருங்க.”

“எந்தச் சேலத்துக்காரிடீ?”

 அவன் கை நீண்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். கழுத்துக்கு வரும் என்று நினைத்த கை அவள் மணிக்கட்டைத் தடவிப் பிடித்து, உள்ளங்கையை விரித்துச் சாவியை வைத்தது. 

“இனிமே நீதான் ஓட்டணும் பானு... சேலத்துக் கண்ணாஸ்பத்திரில கைய விரிச்சுட்டாங்க. எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியல.”