நாலாவது கோடு

"என்னம்மா இது? நாலு புராசஸர் சேந்து ஓடுதுன்னு சொன்ன. மூணு ஓடி முடிச்சுருச்சு, நாலாவது மட்டும் கறிச்சோறு தின்னுட்டுப் படுத்த மாதிரி கெடக்கு?"

மதுரையில இருந்து மார்க் போட வந்த எக்ஸ்டர்னல் சுந்தர்ராஜ் சார் ஸ்கிரீனத் தட்டித் தட்டிக் கேட்டாரு. விட்டா உள்ள எறங்கித் தள்ளிவிட்டுருவாரு போல.

பெனிஷா டீமோட பைனல் இயர் புராஜெக்ட் அது. ஒரு பெரிய புரோகிராம நாலு புராசஸர் பங்கு போட்டு ஒரே நேரத்துல எப்பிடி ஓட்டுதுன்னு கலர் கோடாக் காட்டும். மூணு கோடு எல்லைக்குப் போயி செவப்பா மின்னிக்கிட்டு நின்னுச்சு. நாலாவது ஊர்ந்துச்சு.

"அந்த மூணும் எதுக்கு மின்னுது?"

"நாலாவதுக்காகக் காத்திருக்கு சார். நாலும் வந்தாத்தான் விடை வரும்."

"கம்பம் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியா?"

சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. கூட நின்ன ஹெச்.ஓ.டி.யும் சிரிச்சாரு. அவரு உத்தியோகமே அதான்.

"உங்க டீம்லயும் மூணு பேருதான் நிக்கிறீங்க. நாலாவது ஆளு எங்க?"

"சின்னக்கருப்பு சார். காலையில எஸ்டேட்டுக்கு ஆளேத்துற ஜீப்பு ஓட்டுறான். கம்பம்மெட்டு செக்போஸ்ட்ல நிப்பாட்டிட்டாகளாம், வந்துக்கிட்டு இருக்கான்"னு அஜய்குமார் இழுத்தான்.

"டெமோ முடியுறதுக்குள்ள இங்கன நிக்கணும். இல்ல, ஆப்சென்ட். அடுத்த வருசம் பாத்துக்கிரலாம். ஆமா, இந்த நாலாவது கோடு அவன் எழுதுனதா? ஆளு மாதிரியே இருக்கே!"

"இல்ல சார். நான் எழுதுனது"ன்னா பெனிஷா.

"நீதான் காலேஜ் பர்ஸ்ட்டாமே? இந்த வேகத்துக்கு நாலு புராசஸர் எதுக்கும்மா? ஒரு மாட்டு வண்டி போதுமே!"

அவ பேருக்கு நேரா மார்க்க அடிச்சுக் கொறைச்சாரு. அவ கதவப் பாத்தா.

படார்னு கதவு தொறந்துச்சு. சட்டையெல்லாம் புழுதியா சின்னக்கருப்பு.

"சாரி சார்!"

பெனிஷா ஒரு கீயத் தட்டுனா. நாலாவது கோடு விசுக்குன்னு எல்லைக்குப் போச்சு. விடை வந்துருச்சு. டெமோ முடிஞ்சது.

"பாத்தியா? திட்டுனாத்தான் ஓடுது!"

சார் பெருமையா நாலு பேருக்கும் பிரசென்ட் போட்டுட்டு, ஹெச்.ஓ.டி.யோட வடை திங்கப் போனாரு.

வெளிய வந்ததும் சின்னக்கருப்பு அஜய்குமார்கிட்ட கேட்டான்:

"ஏலே, நேத்து கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடி முடிஞ்சுச்சேடா. இன்னிக்கு என்ன, நான் வர்றவரைக்கும் இந்த ஊர்வலம்?"

"ஓடிருந்தா டெமோ முடிஞ்சுருக்கும்லடா, லூசு. நீ செக்போஸ்ட்டத் தாண்டி வர்றவரைக்கும் அத பெனிஷாதான் புடிச்சு வச்சிருந்தா."