கிளைமாக்ஸை முழுங்கிய டெக்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராசா. ஊர் போடிநாயக்கனூர். ராசா இருந்தது, வாடகைக்கு வந்த டி.வி. பெட்டிக்குள்.

பெட்டிக்கு எதிரே சாய்வு நாற்காலியில் இன்னொரு ராசா. பெயர் ஜக்கையன். ஏலக்காய்த் தோட்டக்காரர். பெட்டி ராசாவை விட மீசைதான் கொஞ்சம் குறைச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் மதுரையைக் குலுக்கிவிட்டு, போடிக்கு வராமலே போன ராசா காலத்துச் சிரிப்புப் படம். தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

புறமுதுகு காட்ட மாட்டேன் என்று சபதம் போட்ட ராசா, எதிரியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே ஓடி, அகழிக்குள் விழுந்தார்.

கூடம் குலுங்கியது. ஜக்கையன் மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். சினிமா பார்க்கிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர் கட்சி. படம் போட்டுக் காட்டுகிற வீடியோ டெக் வேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தது அவர் மனைவி ராமுத்தாய்.

அடுத்த காட்சியில் இளவரசி குதிரைக்காரனோடு ஓடிப்போனாள். ராசா வாளை உருவினார்.

"நான் இருக்கும் வரை அவள் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இதே கூடத்தில் போன வருசம் ஜக்கையன் சொன்னதும் இதேதான். மகள் அன்னக்கொடி, ஜீப்பு ஓட்டுகிற ராஜாராமைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு. இப்போது அவள் பக்கத்து ஊர் சிலமலையில் நிறைமாசம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்க்க வேண்டாமா என்று ராமுத்தாய் ஒரு மாசமாக அழுது பார்த்துவிட்டாள். "சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றுவிட்டார் மனுசன்.

சட்டென்று பெட்டியில் கோடு கோடாக ஓடி, படம் நின்றது.

"போச்சு! டெக்கு டேப்ப முழுங்கிருச்சு" என்று தலையில் கை வைத்தான் வீடியோக்காரன் சுருளிவேல்.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள் எழுந்துவிட்டாள். "அடேய் சுருளி! கொதிக்கிற உலைய எறக்கி வச்சிட்டு வந்திருக்கேன்டா. ஓட்ட டெக்க வச்சுக்கிட்டு ஊர ஏமாத்துறியா?"

"கோவப்படாத அத்தே. மீதிய நான் வாயாலயே ஓட்டுறேன்."

"அதுக்கு எதுக்குடா இம்புட்டுப் பெரிய பெட்டி? உன் மூஞ்சிய மட்டும் கொண்டாந்திருக்கலாம்ல!"

சுருளிவேல் தோளில் கிடந்த துண்டைத் தலையில் கிரீடமாகச் சுற்றிக்கொண்டான்.

"ராசாவுக்குச் சபதத்த மீறவும் முடியல. நெறமாசமா இருக்கிற மகளப் பாக்காமத் தூங்கவும் முடியல. ஏழு நாளா வாசப்படியவே மொறச்சுப் பாக்குறாரு. எட்டாம் நாளு ஒரே கத்து: 'யாரங்கே! மகள் மிதிக்கக் கூடாதது இந்தப் படியைத்தானே? பேர்த்து அடுப்பில் வையுங்கள்!' படியும் போச்சு, சபதமும் பொழச்சுச்சு. மக பல்லக்குல வந்து எறங்கிட்டா. சுபம்!"

"கிறுக்கு ராசா!" என்று சிரித்துக்கொண்டே மொக்கம்மாள் உலையைப் பார்க்க ஓடினாள். பின்னாலேயே கூட்டமும் கலைந்தது.

ஜக்கையன் பேப்பரை மடித்தார். வாசலுக்குப் போய்ப் படியைக் கட்டைவிரலால் ஒரு எத்து எத்தினார்.

"ராமுத்தாய்! படியில கரையான் அரிச்சுக் கெடக்கே, நீ பாக்கவே இல்லையா?"

அசல் தேக்கு. இரும்பு மாதிரி இருந்தது. ராமுத்தாய் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஆமாங்க. பூராம் கரையான். உளுத்தே போச்சு."

"இன்னைக்கே பேத்துருவோம். புதுப்படி போட எத்தன நாளாகும்?"

"நல்ல மரங் கெடைக்கணும்ல. அஞ்சு மாசமாவது ஆகுமுங்க."

"அம்புட்டு நாளும் வீடு படியில்லாமத்தான் கெடக்கும். யாரும் வாறதுன்னா வரட்டும். நான் ஆசாரியக் கூட்டியாறேன்."

ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகையா, சிரிப்பா, தெரியவில்லை.

தெருவில் சுருளிவேல் டி.வி. பெட்டியை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ஜக்கையன் பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ளே, டெக்கு டேப்ப முழுங்கலையே? நீ பொத்தான அமுக்குனத பேப்பருக்கு மேலாப் பாத்தேன்."

சுருளிவேலின் கையிலிருந்து கயிறு நழுவியது. "மாமா... அது வந்து... ராமுத்தாய் அக்காதான் சொல்லச் சொல்லி..."

"தெரியும்டா. நெசப் படத்துல ராசா படியப் பேக்க மாட்டான். ஊரே மக வீட்டு விருந்துக்குப் போயிரும். அவன் மட்டும் ஒத்தையில உக்காந்து வாசப்படிக்குக் காவல் காப்பான். அதான் கிளைமாக்ஸு."

"நீங்க சினிமாவே பாக்க மாட்டீகளே மாமா!"

"மதுரைக்கு லோடு கொண்டுபோனப்ப மூணு தடவ பாத்தேன். அந்த எடத்துல விழுந்து விழுந்து சிரிச்சேன்."

ஜக்கையன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விட்றாத. என்னைய ஏமாத்தி செயிச்சுட்டோம்னு அவ சந்தோசமா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, ஆசாரி வீட்டுப் பக்கம் வெரசாக நடந்தார்.