மஞ்சள் கவுன்

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். அதிகாரின்னு ஒருத்தன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார் முதலாளி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளுக்கு மேல் குனிந்தபடி.

மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயரே 'கண்ணாடி'தான். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மிஷினிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்.

எல்லாம் காலையில் வந்த ஒரு போன் செய்த வேலை. பார்வையில்லாத ஓர் அம்மாள், மகளுக்குக் கவுன் வாங்க இவருடைய இணையதளத்துக்குள் போனாராம். பார்த்தால் வெறும் படங்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் அவருடைய போனுக்குப் படிக்க ஒரு வார்த்தை கிடையாதாம். இன்றைக்குள் ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சேர்க்காவிட்டால் புகார் போகும், விசாரிக்க நேரில் ஆள் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விசாரணை என்றதுமே முதலாளி கணக்கு நோட்டுகளை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினார். வரி, லைசென்ஸ் என்று ஆரம்பித்து எங்கே போய் நிற்பார்களோ!

கண்ணாடி ஒவ்வொரு படமாகத் திறந்து தட்டினாள். 'சிவப்புக் கவுன். கழுத்தில் வெள்ளை லேஸ்.' முதலாளி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் அடுத்த படம்.

"சுருக்கமா அடி. கல்யாணப் பத்திரிகையா எழுதறே?" அவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

கடைசிப் படத்துக்கு வரும்போது போன் அடித்தது. அதே அம்மாள். ஜன்னல் பக்கம் போய், "ஆச்சும்மா, ஆச்சு" என்று குழைந்துவிட்டு அவர் திரும்புவதற்குள் கண்ணாடி வேலையை முடித்திருந்தாள்.

பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். அதே படங்கள், அதே விலைகள். "எங்க, ஒண்ணையும் காணோம்?"

"கண்ணுக்குத் தெரியாது சார். போன்ல கேக்கறவங்களுக்கு மட்டும்தான்."

கண்ணுக்கே தெரியாத வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அலுத்துக்கொண்டார். அவளைத் தையல் கூடத்தில் விட்டுவிட்டு, சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வந்து நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த கோப்பையை ஊற்றும்போது வாசலில் வெள்ளைக் கம்பு தட்டும் சத்தம். அந்த அம்மாள். அவருக்குப் பின்னால் சீருடையில் இருவர்.

முதலாளி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "அதான் நீங்க சொன்னபடி எல்லாத்தையும் சரி பண்ணிட்டேனேம்மா. இன்னும் என்ன புகார்?"

"விளக்கமெல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கு சார். கடைசிப் படத்தை மட்டும் நீங்களும் ஒரு தடவை கேட்டுருங்க" என்றபடி அவர் போனைத் தொட்டார்.

ஏற்ற இறக்கமில்லாத இயந்திரக் குரல் படித்தது.

"மஞ்சள் கவுன். பாக்கெட் இரண்டு. தைத்த எங்களை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்."