வருத்தம் பார்க்க வந்தவர்கள்

"உள்ளுக்க வரலாமோ, சிறில்?"

படலையில் நின்றவர் கதிரவேல். சிறிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

காசநோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கிப் பத்து நாளாகிறது. நிலாவெளி றோட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில் சிறிலின் வீடு வந்ததும் மீன்காரன் மணியடிக்காமல் சைக்கிளை மிதித்தான். மனைவி திரேசம்மாவின் கூடப்பிறந்த தம்பிகூட மூக்கைப் பொத்திக்கொண்டு படலைக்கு வெளியே நின்று, "கடவுள் இருக்கிறார் அக்கா" என்றுவிட்டுப் போனான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஊர் மதுவொழிப்புக் குழுத் தலைவரே ஒரு பை அப்பிளோடு வருத்தம் பார்க்க வந்திருக்கிறார்.

"இருங்கோ அண்ணை." சிறில் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு கதிரையைக் காட்டினான்.

தேத்தண்ணி போடத் திரேசம்மா குசினிக்குப் போனதும் கதிரவேல் குரலைத் தாழ்த்தினார்.

"சுகாதாரப் பரிசோதகர் நாளைக்கு வாறாராம். ஆர் ஆரோட பழகினனீ எண்டு கேப்பாராம். என்ர பேரைச் சொல்லிப்போடாதை."

"சளி சோதிக்கத்தானே அண்ணை கேக்கினம்."

"சோதிக்கட்டும். எங்கை வைச்சுப் பழகினது எண்டு கேட்டா?"

அங்கேதான் சிக்கல். சிறில் வள்ளத்து எஞ்சின்கள் திருத்துகிறவன். ஊரில் மதுவொழிப்புக் குழு தொடங்கிய நாளிலிருந்து, அதன் நிர்வாகம் ஆறு பேரும் பின்னேரங்களில் கூடியது அவனுடைய எஞ்சின் அறையில்தான். சட்டரை இறக்கி, யன்னலைச் சாத்தி, சாராய மணம் வெளியே போய்விடும் என்று காற்றாடியையும் நிறுத்திவிடுவார்கள். சிறில் குழுவில் இல்லாதவன். ஆகவே அவன் அறைக்குள் குழுவின் விதி செல்லாது என்பது தலைவரின் விளக்கம். மூன்று மாதமாகச் சிறில் இருமினான். அவர்கள் மூச்சிழுத்தார்கள்.

"மகள் பிள்ளைப்பெத்து உங்களோடதானே அண்ணை இருக்கிறா. பச்சைப்பிள்ளை..."

"அதாலதான் சொல்லுறன். பிள்ளையின்ர முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குச் சம்பந்தி வீட்டு ஆக்கள் வருகினம். இந்த நேரத்தில நான் குடிக்கிறனான் எண்டு தெரியவேணுமோ?"

சொல்லிவிட்டு இருமினார். "தூசி" என்றார்.

சிறில் சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்துகொடுத்தான்.

பொழுதுபடுவதற்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். செயலாளர் தோடம்பழம் கொண்டுவந்தார். பொருளாளர் பால்மா. எல்லோருக்கும் தேத்தண்ணி, எல்லோருக்கும் சத்தியம். கடைசி ஆளுக்குச் சத்தியம் செய்யும்போது அந்தோனியாரின் முகத்தைப் பார்க்கச் சிறிலுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த நாள் காலை சுகாதாரப் பரிசோதகர் சாரங்கன் வந்து ஃபைலை விரித்தார்.

"பூட்டின இடத்தில உங்களோட கனநேரம் இருந்த ஆக்கள் ஆர்?"

"ஒருத்தரும் இல்லை தம்பி. நான் தனியத்தான் வேலை செய்யிறனான்."

"பயப்பிடாதேங்கோ. இதில உங்களில ஒரு பிழையும் இல்லை. வளந்த ஆக்களுக்கு மருந்து எடுத்தா மாறும். அவையிட்ட இருந்து வீட்டில இருக்கிற பச்சைப்பிள்ளைக்குத் தொத்தினா மூளைக்கு ஏறலாம். பிறகு காப்பாத்துறது கஷ்டம். அதுக்காகத்தான் கேக்கிறன்."

ஒரு பெயர் சிறிலின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"ஒருத்தரும் இல்லை."

நெஞ்சு உறுத்தியது. ஆனாலும், சொன்ன சொல் மாறாத மனிதன் என்ற நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சாரங்கன் பேனையை மூடினார்.

"மூடாதேங்கோ தம்பி." குசினி வாசலில் திரேசம்மா நின்றாள். "நான் சொல்லுறன், எழுதுங்கோ."

"இஞ்சை, நான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்!"

"நீங்கள்தானே பண்ணினீங்கள். நீங்கள் பேசாமல் இருங்கோ."

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ அக்கா, இவர் ஆரோட இருந்தவர் எண்டு?"

"ஆரோட இருந்தவர், எங்கை இருந்தவர், எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி. இது கசம் எண்டு தெரிஞ்ச நாளில இருந்து என்ர சொந்தத் தம்பிகூட இந்தப் படலை தாண்டேல்லை. ஆனா நேற்று ஒரே நாளில ஆறு பேர் உள்ளுக்க வந்து, கதிரையில இருந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவை. அவ்வளவு நல்ல மனிசர் இந்த ஊரில இல்லை. ஆறு பேரையும் எழுதுங்கோ. முதல்ல கதிரவேல் அண்ணை வீட்டுக்குப் போங்கோ, அங்கை இருபது நாள் பிள்ளை இருக்கு."