பச்சை ஃபைல்

"நான் மூச்சை விட்டுட்டேன்னு வெச்சுக்கோ. முதல்ல யாருக்குப் போன் பண்ணுவே?" கட்டிலில் சாய்ந்தபடி கணவர் கேட்டார்.

"நம்ம பொண்ணுக்கு."

"தப்பு! அவ ஊர்ல இருந்துக்கிட்டு என்ன பண்ணுவா? ரிட்டயர் ஆகியும் ஊர் திரும்பாம இந்த நாட்டுலேயே தங்கிட்டோம், ஞாபகம் இருக்கா? முதல்ல டாக்டர். அப்புறம் நம்ம தூதரகம். அங்க என்ன காட்டணும்?"

"கல்யாண போட்டோவா?"

தன் காலத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்த பச்சை ஃபைலைப் படுக்கையில் ஓங்கி அறைந்தார். "மூணு மாசமாத் தலைபாடா அடிச்சுக்கறேன்! நீ இதைக் கத்துக்காம நான் எப்படி நிம்மதியாக் கண்ணை மூடறது?"

இருமல் வந்து அவர் பேச்சை அடக்கியது. மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தூங்கிய பிறகு மகள் அழைத்தாள்.

"என்னம்மா, அப்பா அழாத குறையாப் புலம்பறாரு. அந்த ஃபைலைக் கொஞ்சம் படிச்சாத்தான் என்ன?"

அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எல்லாம் மனப்பாடம்டி. அதுல தூதரக நம்பர் பழசு. நாந்தான் விசாரிச்சுத் திருத்தி வெச்சேன்."

"அப்புறம் ஏம்மா தெரியாத மாதிரி நடிக்கிறே?"

"டாக்டர் சொன்ன கெடு போன மாசமே முடிஞ்சுபோச்சு. கத்துக்கிட்டேன்னு சொன்னா உங்கப்பா கிளம்பிடுவாரேடி!"