ராக்காயி மாட்டுக்குப் போட்ட பூட்டு

வேலைக்கு ஆள் கூப்பிட விடியற்காலையில் மட்டுமே அடிக்கும் பெரட்டு மணி பட்டப்பகலில் விடாமல் அடித்தது. ஆற்றுத் தண்ணீர் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ராக்காயி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். கறவைப் பசுவைக் காணோம். தூணில் அறுபட்ட சங்கிலி தொங்கியது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னாசிதான். தோட்டத்தில் இரவுக் காவல் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தன் இரண்டு ஆடுகளோடு வீட்டில் இருப்பவன். மழை தொடங்கியதிலிருந்து தினமும் வந்து பசுவின் கயிற்று முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தான். அதற்குப் பயந்துதான் நேற்று சிலிம் ரிவர் பட்டணத்தில் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்து போட்டாள்.

பள்ளிக்கூட மேட்டில் அவனைப் பிடித்துவிட்டாள். தொப்பலாக நனைந்திருந்தான். கையில் இரும்பு அறுக்கும் ரம்பம்.

"என் மாடு எங்கடா?"

"பின்னால கட்டியிருக்கேன்க்கா."

எட்டிப் பார்த்தாள். பசு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அப்போதும் அவள் விடவில்லை.

"அப்ப தெனமும் கயித்துல உனக்கு என்ன வேலை?"

"தண்ணி வந்தா ஒரே இழுப்புல அவுக்கணும்லா. பகல்ல லயத்துல இருக்கிற ஆம்பளை நான் ஒருத்தன்தான். அதான் எல்லார் முடிச்சையும் பார்த்து வச்சேன்."

மடியில் சாவி உறுத்தியது. ராக்காயியின் குரல் இறங்கிவிட்டது.

"உன் ஆடுங்க எங்க, சன்னாசி?"

"உங்க சங்கிலியை அறுத்து முடிக்கிறதுக்குள்ள, அது ரெண்டும் தண்ணியோட போயிருச்சுக்கா."